உன் உயரத்துக்கு ஒரு மேஜை

அன்புள்ள கொக்குக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம்தான். அப்பாவுக்கு இடுப்புப் பிடிப்பு, எனக்கு அப்பா, மற்றபடி ஒரு குறையும் இல்லை. உன் சௌக்கியத்தை ஃபோனில் கேட்டால் "ம்" என்கிறாய், சாப்பிட்டாயா என்றால் "ம்", தூங்கினாயா என்றால் அதற்கும் ஒரு "ம்". சரி, பெற்றவளுக்கு இவ்வளவாவது கிடைக்கிறதே என்று நானும் வைத்துவிடுகிறேன். அதனால்தான் இந்தத் தடவை காகிதத்தை எடுத்தேன். காகிதம் என்றால் நடுவில் நீ "சரிம்மா, வெச்சிடட்டுமா" என்று சொல்ல முடியாது பார், கடைசிவரை படித்துத்தான் தீர வேண்டும். எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், கடையில் துணிக்கட்டின் மேல் வைத்து எழுதுகிறேன். மேஜை காலியாக இல்லை. ஏன் இல்லை என்பதுதான் சமாசாரமே.

அன்றைக்கு நீ "நான் வீட்டுக்கே வந்துடட்டுமாம்மா" என்று கேட்டாய் அல்லவா, அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி நான் ஃபோனை வைத்துவிட்டேன். பாலும் இல்லை, பொங்கவும் இல்லை. சட்டென்று என்ன சொல்வது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். இப்போது பதில் இருக்கிறது. ஆனால் அதை மட்டும் தனியாகச் சொன்னால் நீ மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாய், அதனால் இங்கே நடந்த கூத்தை முதலில் கேள், பதில் தானாக வரும்.

நீ அழுதுகொண்டே சொன்னதை நான் நேராகக் கடைக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். புதுக் கம்பெனிக்காரர்கள் வேலை உனக்குத்தான் என்று சொன்னார்கள், நீயும் சரி என்று கையெழுத்துப் போட்டாய், அதை நம்பிப் பழைய ஆபீஸில் விலகுவதாக எழுதிக் கொடுத்தாய், அவர்களும் கேக் வெட்டி அனுப்பி வைத்தார்கள், எல்லாம் முடிந்த பிறகு இவர்கள் "இப்போதைக்கு அந்த இடத்துக்கு ஆள் எடுப்பதாக இல்லை, வருந்துகிறோம்" என்று ஒரு மெயிலில் கையைக் கழுவிவிட்டார்கள் என்று சொன்னேன். அப்பா அப்போது வாய் நிறையக் குண்டூசி வைத்துக்கொண்டு ஒரு கர்ட்டனுக்கு மடிப்புப் பிடித்துக்கொண்டிருந்தார். கோபம் வந்துவிட்டது, ஆனால் வாயைத் திறக்க முடியவில்லை. ஒவ்வொரு ஊசியாக எடுத்துக் குத்தி வைத்துவிட்டுத்தான் திட்டவே ஆரம்பித்தார். அதற்குள் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, மன்னித்துக்கொள். பிறகு பிடித்தார் பார் ஒரு பிடி. "வாக்குக் குடுத்துட்டு மாத்திப் பேசுறவன்லாம் ஒரு மனுஷனா, அந்தப் புள்ள இருந்த வேலையையும் விட்டுட்டு அந்தரத்துல நிக்கிது, இவன் ஏசி ரூம்ல உக்காந்து வருந்துறானாம்" என்று தெருமுனை வரைக்கும் கேட்டது. மெஷினில் உட்கார்ந்திருந்த தையல் மாமா பெடலை நிறுத்திவிட்டு, "அண்ணே, மெதுவா, கஸ்டமர் யாராச்சும் தன்னைச் சொல்றீங்கன்னு நெனச்சிக்கப் போறாங்க" என்றார். அவர் கவலை அவருக்கு.

இதை அப்படியே நினைவில் வைத்துக்கொள், இனிமேல்தான் கதை. உனக்கு நான் சொன்னேனா தெரியவில்லை, கடையில் வேலை முதுகை முறிக்கிறது. பல் டாக்டர் புது ஆஸ்பத்திரி கட்டியிருக்கிறார், அத்தனை ஜன்னலுக்கும் நம் கர்ட்டன்தான். அப்பாவால் முன்னைப் போல நின்று வெட்ட முடியவில்லை, குனிந்தால் நிமிர்வதற்கு இரண்டு பேர் வேண்டும். அதனால் நீ ஃபோன் செய்வதற்கு முன்னாலேயே துணி வெட்ட ஒரு ஆள் தேடினோம். பக்கத்துத் தெருவில் சட்டை தைக்கும் கம்பெனியில் வெட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் வந்தாள். கெட்டிக்காரி. சொந்தக் கத்திரியைத் துணியில் சுற்றிக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு வந்தாள், அன்றிலிருந்து எங்களுக்கு அவள் கத்திரிக்காரி. பூப்போட்ட துணியைக் கொடுத்து வெட்டச் சொன்னால், இரண்டு பாகத்தையும் சேர்த்துத் தொங்கவிடும்போது பூ பூவோடு சேருகிறது. அப்பா அதைத் திரும்பத் திரும்பச் சேர்த்துப் பார்த்துவிட்டு, "நீ அங்க சொல்லிட்டு இங்க வந்துரும்மா" என்றார். அவளும் சரி என்றாள், அங்கே சொல்லியும் விட்டாள். கத்திரியை மேஜைக்கு மேலே இருக்கும் ஆணியில் மாட்டிவிட்டு, "திங்கக்கெழமை வர்றேங்க்கா, அதுவரைக்கும் இது இங்கயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பார்களே, அந்த மாதிரி.

அப்பாவின் வழக்கம்தான் உனக்குத் தெரியுமே. ஆள் சேர்ந்தால் முதலில் மேஜை மாறும். வெட்டுகிறவருக்கு முழங்கை எங்கே வருகிறதோ அதற்குக் கொஞ்சம் கீழே மேஜை இருக்க வேண்டும், "ஆள் மேஜைக்குக் குனியக் கூடாது" என்பார். அவர் இடுப்பு போனதே யாரோ ஒரு நெட்டையன் விற்றுவிட்டுப் போன மேஜையிலும் பிறகு ஒரு குட்டையன் மேஜையிலும் மாறி மாறி நின்றதால்தான். கத்திரிக்காரி என் தோளுக்குத்தான் வருவாள். நானே ஒன்றும் பெரிய கொடிமரம் இல்லை, அப்படியானால் அவளை நீயே கணக்குப் போட்டுக்கொள். அவளைக் கையை மடக்கி நிற்கச் சொல்லிச் சாக்பீஸால் சுவரில் ஒரு கோடு போட்டுவிட்டு, அன்று மாலையே மேஜையைக் கவிழ்த்து நாலு காலையும் அறுத்துவிட்டார். மரத்தூள் பறந்து தையல் மாமாவின் டீயில் விழுந்தது தனிக் கதை.

சரி, நீ ஃபோன் செய்த மறுநாள் காலையில் அப்பா பிரெட்டைத் தின்றுகொண்டே திடீரென்று, "கொக்குக்கு முழங்கை உனக்கு எதுவரைக்கும் வரும்" என்று கேட்டார். நீ மனசு உடைந்து கிடக்கிறாயே, ஏதோ சட்டை தைத்து அனுப்பப் போகிறார் என்று நினைத்து, நான் எழுந்து நின்று நெஞ்சுக்கு நேரே கையை வைத்துக் காட்டினேன். பரவாயில்லையே, அப்பனுக்குப் பாசம் பொங்குகிறது என்று சந்தோஷம் வேறு. பிறகு டேப்பை எடுத்துக்கொண்டு பல் டாக்டர் ஆஸ்பத்திரிக்கு ஜன்னல் அளக்கப் போய்விட்டேன். மத்தியானம் வந்து வழக்கம்போலப் பையைத் தூக்கி மேஜைமேல் போட்டேன். பை மேஜையின் விளிம்பில் மோதி என் காலிலேயே விழுந்தது. டேப் ஒரு பக்கம் ஓடுகிறது, கொக்கிகள் ஒரு பக்கம் ஓடுகின்றன. எனக்குத்தான் கண் கெட்டுவிட்டதா என்று பார்த்தால், காலையில் என் இடுப்புக்குக் கீழே இருந்த மேஜை என் நெஞ்சுக்கு வந்து நிற்கிறது. நாலு காலுக்கு அடியிலும் ஒன்றரைச் சாண் உயரத்துக்கு மரக்கட்டை, ஆடாமல் அசையாமல் பட்டை போட்டு அடித்திருக்கிறது. தையல் மாமா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாபினில் நூல் சுற்றுகிறார், சுற்றுகிறார், சுற்றிக்கொண்டே இருக்கிறார், ஏற்கெனவே நிரம்பிய பாபினில்.

என்ன இது என்று கேட்டேன். அப்பா முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். "கொக்கு வருது" என்றார். யார் சொன்னது என்றேன். "வேற எங்க போகும், இருந்த வேலையும் போச்சு, வந்த வேலையும் போச்சு, கம்ப்யூட்டர்ல கட்டடத்துக்குக் கோடு போடுறவளுக்குத் துணியில கோடு போடத் தெரியாதா, ஒரே வாரத்துல புடிச்சிப்பா" என்றார். அப்போ கத்திரிக்காரி? என்றேன். அப்பா உடனே மூக்குக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். விடாமல் கேட்டதில், அவளுக்கு ஃபோனில் மெசேஜ் அனுப்பிவிட்டதாகச் சொன்னார். வாங்கிப் பார்த்தேன். "இப்போதைக்கு அந்த இடத்துக்கு ஆள் எடுப்பதாக இல்லை, வருந்துகிறோம்." அடியே, எழுத்துக்கு எழுத்து உன் கம்பெனிக்காரர்கள் எழுதியதுதான். முந்தின நாள் தெருமுனை வரைக்கும் கேட்கத் திட்டிய மனுஷர் அவர்களிடமிருந்தே பாடம் படித்துவிட்டார். "நீங்க எப்போங்க அந்தக் கம்பெனியில மேனேஜரா சேந்தீங்க" என்று கேட்டேன். தையல் மாமா பாபினைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். அப்பாவுக்குச் சுருக்கென்று ஆகிவிட்டது, "இது வேற, இது என் புள்ளைக்கு" என்று சொல்லிவிட்டு மறுபடியும் கண்ணாடியைத் துடைக்கப் போனார்.

நான் உடனே பத்ரகாளி மாதிரி ஆடிக் கட்டைகளைப் பிடுங்கச் சொன்னேன் என்று நினைப்பாய். இல்லை. எது நியாயம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை, ஆனால் அந்த உயரமான மேஜைக்குப் பக்கத்தில் நீ காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு நிற்பது மாதிரி ஒரு காட்சி கண்ணுக்குள் வந்துவிட்டது. சாயங்காலம் இரண்டு பேரும் கடையைப் பூட்டிவிட்டுப் பேசிக்கொண்டே வீட்டுக்கு வரலாம், அப்பா சொல்லும் அதே ஜோக்குக்கு நான் மட்டும் தனியாகச் சிரிக்க வேண்டாம். ஆசை யாரை விட்டது. அவளுக்கு வேறு வேலை கிடைக்காமலா போகும், கெட்டிக்காரிதானே என்று மனசுக்குள் ஒரு சமாதானமும் செய்துகொண்டு, அன்று முழுக்க வாயைத் திறக்காமல் இருந்தேன். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் நிலைமை எவ்வளவு மோசம் என்று உனக்கே தெரியும்.

அடுத்த நாள் அவள் வந்துவிட்டாள். சண்டைக்கு இல்லை, கத்திரியை எடுத்துக்கொண்டு போக. தெருவில் அவள் வருவதைப் பார்த்ததுமே அப்பா எங்கே போனார் என்கிறாய், மாதிரித் துணிகள் தொங்குகிற கம்பிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். மேலே பச்சைப் பட்டு, கீழே அப்பாவின் செருப்பு. நான் வாம்மா என்றேன். அவள் உள்ளே வந்து ஆணியில் இருந்த கத்திரிக்குக் கையை நீட்டினாள், மேஜை குறுக்கே நிற்கிறது, எட்டவில்லை. அப்போதுதான் மேஜையைப் பார்த்தாள். பலகைமேல் கையை வைத்தாள், அவளுக்கு அது கழுத்துக்குக் கொஞ்சம் கீழே வருகிறது. குனிந்து கட்டைகளையும் பார்த்தாள். "யாரோ ஒசரமானவங்க வர்றாங்களாக்கா" என்று கேட்டாள். எங்க பொண்ணு என்றேன். "நல்லதுக்கா" என்று சொன்னாள். பிறகு, நான் ஒன்றும் கேட்காமலே, "பரவால்லக்கா, அங்க வேற சொல்லிட்டு வந்துட்டேன், அதான்" என்றாள்.

நீ ஃபோனில் என்னடி சொன்னாய்? "பரவால்லம்மா, அங்க வேற சொல்லிட்டு வந்துட்டேன், அதான்." அதே இடத்தில் அதே மாதிரி நிறுத்தினாள், அந்த "அதான்"க்குப் பிறகு வர வேண்டியதை முழுங்கிவிட்டாள். நீ அங்கே எந்த மாதிரி முகத்தோடு அதைச் சொல்லியிருப்பாய் என்று நான் இங்கே இருந்து யோசித்து யோசித்துப் பார்த்தும் தெரியாமல் இருந்தது, அவள் முகத்தில் தெரிந்துவிட்டது. அதற்குமேல் நான் பொறுக்கவில்லை. பச்சைப் பட்டைப் பார்த்து, "வெளிய வாங்க, மெசேஜ்ல சொன்னத இவ மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க" என்றேன். செருப்பு அசையவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். வந்தார். சட்டைக் காலரில் ஒரு கர்ட்டன் கொக்கி மாட்டிக்கொண்டு துணியும் கூடவே வருகிறது. அவள் முன்னால் நின்று மேஜையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசியில் அவளைப் பார்த்தார். பார்த்துவிட்டு என்ன சொன்னார் தெரியுமா? "கட்டையக் கழட்டக் கொஞ்ச நேரம் ஆகும், டீ குடிச்சிட்டு இரும்மா" என்றார். அவ்வளவுதான். மன்னிப்பும் இல்லை, விளக்கமும் இல்லை, சுத்தியலை எடுத்துக்கொண்டு மேஜைக்கு அடியில் போய்விட்டார். இந்த மனுஷரோடு எதற்காகக் குடும்பம் நடத்துகிறேன் என்று சில நாள் எனக்குத் தோன்றும், அன்றைக்குத் தோன்றவில்லை.

இப்போது கத்திரிக்காரி வேலைக்கு வந்துகொண்டிருக்கிறாள். பல் டாக்டர் ஜன்னல்கள் பாதி முடிந்துவிட்டன. சாக்பீஸை எடுத்த இடத்தில் வைக்கவில்லை என்று அப்பாவையே அதட்டுகிறாள், அவரும் பூனை மாதிரி எடுத்து வைக்கிறார், நான் சொன்னால் மட்டும் காது கேட்காது. தையல் மாமா அவளுக்குத் தன் டீயில் பங்கு கொடுக்கிறார், அது அவர் வாழ்க்கையில் செய்த பெரிய தியாகம். உன் அத்தை ஃபோன் செய்து, சொந்தப் பெண்ணை விட்டுவிட்டு வெளியாளுக்கு வேலை கொடுக்கிறாயே, நீ என்ன ஜென்மம் என்று கேட்டாள். நீங்கள் வந்து ஒரு நாள் அந்த மேஜைக்கு முன்னால் நின்று பாருங்கள் அண்ணி, குனிந்து குனிந்து இடுப்புதான் போகும் என்று சொல்லிவிட்டேன்.

ஆக, கொக்கு, நீ கேட்டதற்குப் பதில் இதுதான். கடையில் உனக்கு வேலை இல்லை. இருந்த ஒரு இடத்தையும் நானே கொடுத்துவிட்டேன். கோபம் வந்தால் வரட்டும், இரண்டு நாள் பேசாமல் இரு, அப்படியும் "ம்" தானே மிச்சமாகும். ஆனால் ஒன்று யோசித்துப் பார். அவள் நேரில் வந்து நின்றதால்தான் அப்பாவால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. மெசேஜ் அனுப்புவதற்கு எல்லோருக்கும் தைரியம் இருக்கிறது, முகத்தைப் பார்த்தால்தான் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. நீ அந்தக் கம்பெனிக்குப் போய் நின்றாயா? இல்லை. மெயிலைப் படித்தாய், போர்வையை இழுத்துப் போர்த்துக்கொண்டாய். நாளைக்கே தலையை வாரி, அந்த நீலச் சட்டையை இஸ்திரி போட்டுப் போட்டுக்கொண்டு, உன்னை வேலைக்கு எடுத்த அந்த மனுஷர் முன்னால் போய் நில். என்னை நம்பி வரச் சொன்னீர்கள், நான் அங்கே விட்டுவிட்டு வந்தேன், இப்போது என்ன செய்யட்டும், நீங்களே சொல்லுங்கள் என்று கேள். கெஞ்சவும் வேண்டாம், கத்தவும் வேண்டாம், அந்த "அதான்"க்குப் பிறகு முழுங்குகிறாயே, அதை மட்டும் முழுங்காமல் சொல். அவர்கள் மனசு மாறும் என்று நான் சத்தியம் செய்யவில்லை, எல்லோரும் உன் அப்பா இல்லை. மாட்டேன் என்றால் பழைய ஆபீஸுக்கும் போய்க் கேள். கேக் வெட்டிய பிறகு எப்படி முகத்தைக் காட்டுவது என்கிறாயே, கேக்கைத் தின்றது அவர்களும்தானே, அவர்களுக்கு இல்லாத வெட்கம் உனக்கு எதற்கு. அங்கேயும் இல்லை என்றால் மூன்றாவது இடம். நீ போட்ட கோடு ஒன்றும் கோணலாகிவிடவில்லை, அவர்கள் வாக்குத்தான் கோணல். அதை நீ தலையில் தூக்கிக்கொண்டு திரியாதே.

இவ்வளவு வீரம் பேசுகிறேனே, எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. நீ அங்கே தனியாக உட்கார்ந்து ஒழுங்காகச் சாப்பிடாமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பாய் என்று நினைத்தால் கையில் வேலை ஓடவில்லை. கடையில் வேலை இல்லை என்றுதான் சொன்னேன், வீட்டுக்கு வராதே என்று சொல்லவில்லை. வருவதானால் தோற்றுப்போய் ஓடி வருகிறவள் மாதிரி வராதே, பெற்றவர்கள் வீட்டுக்குப் பெண் வருகிற மாதிரி வா, வயிறு நிறையச் சாப்பிடு, அப்பாவின் ஜோக்குக்குச் சிரி, உட்கார்ந்து நாலு கம்பெனிக்கு எழுதிப் போடு, பிறகு கிளம்பிப் போ.

உட்கார்ந்து என்றதும் ஞாபகம் வருகிறது. மேஜையிலிருந்து கழற்றிய கட்டைகளைக் காணவில்லை, அடுப்புக்கா போட்டார் என்று நானும் கேட்கவில்லை, பாவம் நொந்துபோயிருக்கிறார் என்று விட்டுவிட்டேன். நேற்று உன் அறையைப் பெருக்கப் போனேன். நீ பள்ளிக்கூடம் படிக்கும்போது வாங்கிய மேஜை, முழங்கால் இடிக்கிறது, முழங்கால் இடிக்கிறது என்று அத்தனை வருஷம் கத்தினாயே, அதன் நாலு காலுக்கும் அடியில் அந்தக் கட்டைகள் இருக்கின்றன. பாதியாக அறுத்து, நாலையும் ஒரே அளவாக இழைத்து, தரை கீறாமல் இருக்க அடியில் கர்ட்டன் துணி ஒட்டி வைத்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, நானும் பார்த்ததாகச் சொல்லவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். எனக்கு மேஜை தாடை வரைக்கும் வருகிறது, ஒன்றும் எழுத முடியாது. உனக்குச் சரியாக இருக்கும்.

நீ எங்கே நின்றாலும் நிமிர்ந்து நிற்க வேண்டும், உன் உயரத்துக்கு ஏற்ற இடம் உனக்குக் கிடைக்க வேண்டும், நோய் நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். நாங்கள் இரண்டு பேரும் வேண்டிக்கொள்வது அவ்வளவுதான். மறந்துவிடாதே, நீலச் சட்டை, இஸ்திரி போட்டு. போகும் முன்னால் ஏதாவது வயிற்றுக்குப் போட்டுக்கொண்டு போ.

இப்படிக்கு,
உன்னை வேலைக்கு எடுக்காத
அம்மா